சுகர் நார்மல், ஆனா மாடிப்படி ஏற முடியல: வயதான பெற்றோரின் ரிப்போர்ட் சொல்லாத விஷயம் என்ன?

"அப்பாவுக்கு சுகர் சூப்பரா கண்ட்ரோல்ல இருக்கு. ஹெச்பிஏ1சி 6.3!" ஊரிலிருந்து இப்படி ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் வந்தால் சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குப் பெரிய நிம்மதி. அதே அப்பா இப்போதெல்லாம் தரையில் உட்காருவதில்லை, துணி காயப்போட மொட்டை மாடிக்கு ஏறுவதில்லை, டவுன் பஸ் படி உயரமாக இருக்கிறது என்று கடைத்தெருவுக்கே போவதில்லை என்பதெல்லாம் லேப் ரிப்போர்ட்டில் வராது. "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று அது வேறு கணக்கில் போய்விடுகிறது.

ஆனால் அது வேறு கணக்கு இல்லை. முதியவர்களின் சர்க்கரை நோயில், காலின் பலமும் ரத்தச் சர்க்கரையும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகின்றன. அதைவிட முக்கியமான இன்னொன்றும் உண்டு. ஒருவர் தன் அன்றாட வேலைகளைத் தானே எவ்வளவு செய்துகொள்கிறார் என்பதைப் பார்த்துத்தான், அவருடைய சர்க்கரை எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதையே மருத்துவ வழிகாட்டுதல்கள் தீர்மானிக்கின்றன. 75 வயதில் 6.3 என்பது நல்ல செய்தியாக இருக்கலாம். எச்சரிக்கையாகவும் இருக்கலாம். எந்த மாத்திரையால் அந்த எண் வந்தது, அந்த மனிதர் எப்படி நடமாடுகிறார் என்று தெரியாமல் சொல்ல முடியாது.

இது சில குடும்பங்களின் பிரச்சினை மட்டுமல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியாகின. நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் என்றது அந்த ஆய்வு. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். நாற்பதுகளில் மாத்திரை போட ஆரம்பித்தவர்கள் இன்று எழுபதுகளில் இருக்கிறார்கள். மருந்துச் சீட்டு மட்டும் பல வீடுகளில் ஐம்பது வயதுக்காரருக்கு எழுதியது போலவே தொடர்கிறது.

தசை என்ற பெரிய கிடங்கு

சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரை எங்கே போகிறது? இன்சுலின் வேலை செய்யும்போது அதில் பெரும்பகுதியை இழுத்துக்கொள்வது தசைகள்தான். ஆய்வகத்தில் இன்சுலின் கொடுத்து அளந்து பார்த்த ஆய்வுகளில் இந்தப் பங்கு 70 முதல் 80 சதவீதம் வரை வருகிறது. உடலிலேயே பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும் இருப்பவை. அவை மெலிந்தால், வந்த சரக்கை இறக்கி வைக்க இடமில்லாத குடோன் மாதிரி ஆகிவிடும். சர்க்கரை ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

எதிர்த்திசையிலும் இது நடக்கிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க், மெம்பிஸ் நகரங்களில் 70 முதல் 79 வயது வரை உள்ளவர்களை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2007-ல் வெளியானது. எல்லோருக்குமே முழங்காலை நீட்டும் தசையின் பலம் குறைந்தது, வயது அல்லவா. ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது மற்றவர்களைவிட சுமார் மூன்றில் ஒரு பங்கு வேகமாகக் குறைந்தது. பாத நரம்புகள் மரத்துப்போவது, கண் பார்வை மங்குவது, ராத்திரி இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுந்திருப்பது ஆகியவையும் சேர்ந்தால், வழுக்கி விழுவதற்கான எல்லா ஏற்பாடும் முடிந்தது என்று அர்த்தம்.

இங்கே இன்னொரு சின்ன விஷயம் அடிக்கடி விட்டுப்போகிறது. மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடங்களாகச் சாப்பிடுபவர்களில் சிலருக்கு வைட்டமின் பி12 குறையும். அதனாலும் கால் மரத்துப்போகும், நடை தடுமாறும். "சுகர்ல நரம்பு போயிடுச்சு" என்று ஒதுக்குவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடித்துவிடலாம். குறைவு இருந்தால் ஊசி, மாத்திரை இரண்டுமே உண்டு.

அப்படியானால் எவ்வளவு இருக்கலாம்?

ஹெச்பிஏ1சி என்பது சுமார் மூன்று மாத சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை. 7 என்றால் சராசரியாக 154 மி.கி. அளவு, 8 என்றால் 183. "7-க்குக் கீழ இருக்கணும்" என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் வழிகாட்டுதலில் முதியவர்களுக்கு ஒரே எண் கிடையாது.

நன்றாக நடமாடி, நினைவாற்றலும் தெளிவாக இருந்து, வேறு பெரிய நோய்களும் அதிகம் இல்லாத முதியவருக்கு 7 முதல் 7.5-க்குள் இருக்கலாம். பல நோய்கள் சேர்ந்திருந்தாலோ, நினைவு கொஞ்சம் தடுமாறினாலோ, சமைப்பது, கடைக்குப் போவது, பணக் கணக்கு பார்ப்பது, மாத்திரைகளைத் தானே எடுத்து வைப்பது போன்ற வேலைகளில் இரண்டு மூன்றுக்குத் துணை தேவைப்பட்டாலோ, 8-க்குள் என்று தளர்த்திக்கொள்ளலாம். குளிக்க, உடை மாற்ற, கழிப்பறைக்குப் போக என எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்கு ஹெச்பிஏ1சி எண்ணைத் துரத்தவே வேண்டாம் என்கிறது வழிகாட்டுதல். சர்க்கரை மிகவும் இறங்கக் கூடாது, அதிக தாகம், அடிக்கடி சிறுநீர் போன்ற தொந்தரவு வரும் அளவுக்கு ஏறவும் கூடாது. அங்கே அவ்வளவுதான் இலக்கு.

இந்தப் பிரிவுகளில் வயது எங்குமே கோடு போடவில்லை. 80 வயதில் வயலுக்குப் போய் வருபவர் முதல் வகையில் வரலாம், 66 வயதில் பக்கவாதம் வந்தவர் மூன்றாவது வகையில் வரலாம். அதனால் "அம்மா குளிக்க யாராவது கூட இருக்கணுமா?" என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் சர்க்கரை மருந்தின் அளவை முடிவு செய்வது அரைகுறை வைத்தியம்தான். பத்து நிமிட கன்சல்டேஷனில் இந்தக் கேள்வி பல இடங்களில் வருவதே இல்லை. கூடப் போகும் மகனோ மகளோதான் இதை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இறுக்கிப் பிடித்தால் என்ன ஆகும்?

சர்க்கரையை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்ற நம்பிக்கைக்கு 2008-ல் பெரிய அடி விழுந்தது. இதய நோய் ஆபத்து அதிகமுள்ள 10,251 சர்க்கரை நோயாளிகளிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் 'அக்கார்ட்' என்ற சோதனை நடந்தது. சராசரி வயது 62. ஒரு பாதிப் பேருக்கு ஹெச்பிஏ1சியை 6-க்குக் கீழே கொண்டுவருவது இலக்கு, மறுபாதிக்கு 7 முதல் 7.9 வரை. கடுமையாகக் கட்டுப்படுத்திய பக்கத்தில் 257 பேர் இறந்தார்கள், தளர்வாக விட்ட பக்கத்தில் 203 பேர். அந்தக் கடுமையான சிகிச்சையை ஆய்வாளர்கள் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

நடமாட்டத்தை வைத்துப் பார்த்த ஆய்வுகளும் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் 'ஆன் லோக்' என்ற அமைப்பின் பராமரிப்பில், உடல் தளர்ந்தும் வீட்டிலேயே வாழ்ந்த, சராசரியாக 80 வதுள்ள சர்க்கரை நோயாளிகளைக் கவனித்தபோது, ஹெச்பிஏ1சி 8 முதல் 8.9 வரை இருந்தவர்கள், 7 முதல் 7.9 வரை இருந்தவர்களைவிட இரண்டு வருடம் கழித்து நல்ல நிலையில் இருந்தார்கள். இது வெறும் கவனிப்பு ஆய்வு என்பதால், 8-தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும், தளர்ந்த முதியவருக்கு எண் சிறிதாக இருந்தால் வாழ்க்கை எளிதாக இருக்கும் என்ற எண்ணத்தை அது அசைத்துவிட்டது.

இதைப் படித்துவிட்டு "அப்போ அம்மா ஸ்வீட் சாப்பிடலாமா?" என்று கேட்டால், இல்லை. பால்டிமோரில் எழுபதுகளில் இருந்த பெண்களைச் சுமார் ஒன்பது ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், ஹெச்பிஏ1சி 8-க்கு மேல் இருந்தவர்களுக்கு நடக்கச் சிரமப்படும் நிலை வருவது, 5.5-க்குக் கீழ் இருந்தவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். கூடினாலும் கால் போகிறது, அளவுக்கு மேல் இறக்கினாலும் கால் போகிறது. நடுவில் இருக்கும் அந்த இடம் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

லோ சுகர்: வியர்க்காமலும் வரும்

இறக்குவதில் என்ன ஆபத்து? ரத்தச் சர்க்கரை 70 மி.கி.-க்குக் கீழே போனால் அது லோ சுகர். இளைஞர்களுக்குக் கை நடுங்கும், வியர்க்கும், படபடக்கும், உடனே தெரிந்துவிடும். முதியவர்களுக்கு இந்த அறிகுறிகள் மங்கிப்போகும். ரத்த அழுத்தத்துக்காகவும் இதயத்துக்காகவும் சாப்பிடும் சில மாத்திரைகள் படபடப்பை மறைத்துவிடும். அதற்குப் பதிலாகத் தலைசுற்றல், உளறல், காரணமில்லாத கோபம், கால் பின்னுவது என்று வரும். "தாத்தா காலையில இருந்து ஒரு மாதிரி பேசுறாரு" என்று வீட்டில் சொல்வது சில சமயம் லோ சுகராக இருக்கும். பாத்ரூமில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்த பிறகு, அன்று சர்க்கரை எவ்வளவு இருந்தது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எல்லா மருந்தும் இப்படிச் செய்யாது. மெட்ஃபார்மின் தனியாக எடுத்தால் லோ சுகர் வருவது அரிது. இன்சுலினும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரைகளும்தான் இதில் முக்கியம். அதிலும் கிளிபென்கிளமைடு உடலில் நீண்ட நேரம் தங்கி வேலை செய்யும், சிறுநீரகம் தளர்ந்திருந்தால் இன்னும் நீளும். முதியவர்களுக்கு இதைத் தவிர்க்கச் சொல்லி நிபுணர்கள் நீண்ட காலமாகவே எச்சரிக்கிறார்கள். ஆனாலும் மெட்ஃபார்மினோடு சேர்த்த மலிவான கூட்டு மாத்திரையாக இது நம் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. பெரியவர்களின் மாத்திரை டப்பாவைத் திறந்து, அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படிப்பது பிள்ளைகள் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது செய்யக்கூடிய உருப்படியான வேலை. ஆனால் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது, டாக்டரிடம் கேட்க வேண்டும்.

நம் வீடுகளில் லோ சுகர் வருவதற்கென்றே சில நாள்கள் உண்டு. வழக்கம்போல மாத்திரையைப் போட்டுவிட்டு அமாவாசை விரதம் இருக்கும் நாள். ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் லேபுக்குப் போய், மாத்திரையும் போட்டுவிட்டு, கியூவில் பத்து மணி வரை உட்கார்ந்திருக்கும் நாள். பேரன் கல்யாணத்தில் பந்தி தள்ளிப்போகும் நாள். லோ சுகர் என்று தெரிந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். கடலை மிட்டாய், சாக்லேட் வேண்டாம். அவற்றில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும்.

நாற்காலியும் ஸ்டாப்வாட்ச்சும்

உடலின் செயல்திறனை அளக்க ஸ்கேன் எதுவும் வேண்டாம். கை வைக்கும் பிடி இல்லாத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை முழுதாக எழுந்து உட்காரச் சொல்ல வேண்டும். ஆசிய நாடுகளின் நிபுணர் குழு 2019-ல் வெளியிட்ட வரையறைப்படி, இதற்கு 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசை பலம் கவனிக்கப்பட வேண்டிய நிலையில் இருக்கிறது. இன்னொன்று நடை வேகம். வழக்கமான வேகத்தில் 6 மீட்டர் நடக்க 6 விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டால் அதுவும் எச்சரிக்கைக் கோடுதான். இரண்டையும் போன் ஸ்டாப்வாட்ச்சில் பார்த்துவிடலாம். பக்கத்தில் ஒருவர் பிடிக்கத் தயாராக நிற்க வேண்டும். கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை என்றால் விநாடி பார்க்க வேண்டியதே இல்லை, பதில் கிடைத்துவிட்டது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹெச்பிஏ1சி பார்க்கும்போது இந்த விநாடிக் கணக்கையும் அதே நோட்டில் எழுதி வைத்தால், டாக்டருக்கு அது நூறு வார்த்தைக்குச் சமம்.

வாக்கிங் மட்டும் போதுமா?

"டெய்லி வாக்கிங் போறாரே" என்பது அடுத்த சமாதானம். நடப்பது நல்லது, சந்தேகமில்லை. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், தினம் ஏதோ ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடப்பதைவிட, மூன்று வேளையும் சாப்பிட்டவுடன் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது உணவுக்குப் பிந்தைய சர்க்கரை 12 சதவீதம் கூடுதலாகக் குறைந்தது. இரவு உணவுக்குப் பின் பலன் இன்னும் அதிகம். முதியவருக்கு விடிகாலை இருட்டில், தெருநாய்களுக்கு நடுவே வேக நடையைவிட, சாப்பிட்டதும் வீட்டு வராந்தாவிலேயே பத்து நிமிடம் நடப்பது பாதுகாப்பானதும்கூட.

ஆனால் மெலிந்த தொடைத் தசையை வளர்க்க நடை மட்டும் போதாது. தசைக்குச் சுமை வேண்டும். பாஸ்டனில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சராசரி வயது 66 ஆன 62 சர்க்கரை நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். அதில் பாதிப் பேருக்கு வாரம் மூன்று நாள், 16 வாரம் எடைப் பயிற்சி. முடிவில் அவர்களின் ஹெச்பிஏ1சி 8.7-லிருந்து 7.6-க்கு இறங்கியது. 72 சதவீதம் பேருக்கு மாத்திரை அளவைக் குறைக்க வேண்டி வந்தது. பயிற்சி செய்யாதவர்களின் சர்க்கரையில் மாற்றமில்லை. 2002-ல் வெளியான இந்த முடிவு இன்னும் நம் ஊர் மருந்துச் சீட்டுகளுக்கு வந்து சேரவில்லை.

ஜிம்முக்குப் போக வேண்டும் என்பதில்லை. பரிசோதனைக்குப் பயன்பட்ட அதே நாற்காலியே பயிற்சிக் கருவி. தொடக்கத்தில் ஐந்து முறை எழுந்து உட்கார்ந்து, பழகப் பழக எண்ணிக்கையைக் கூட்டலாம். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்கலாம். சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ டம்பெல்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யக் கூடாது. பாதத்தில் புண் இருப்பவர்கள், விழித்திரையில் ரத்தக் கசிவு உள்ளவர்கள், இதய நோயாளிகள் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியாவோ எடுப்பவருக்குப் பயிற்சிக்கு முன் சர்க்கரை 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுச் செய்ய வேண்டும்.

தட்டில் தசைக்கு என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். சர்க்கரைக்குப் பயந்து சாதத்தைக் குறைத்த பல பெரியவர்கள், அதற்குப் பதிலாக எதையும் சேர்த்துக்கொள்வதில்லை. காலையில் இரண்டு இட்லி, ராத்திரி கோதுமைக் கஞ்சி என்று ஓடுகிறது. முதியவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்குத் தினம் 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை என்பது நிபுணர்கள் பரிந்துரை. 60 கிலோ எடை என்றால் 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 100 கிராம் வெந்த கொண்டைக்கடலையில் சுமார் 9 கிராம், அதே அளவு மீனில் சுமார் 20 கிராம். கஞ்சியை வைத்து இந்தக் கணக்கை எட்ட முடியாது. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது, அவர்கள் கேட்டுத்தான் கூட்ட வேண்டும். உடல் மெலிந்த பெரியவருக்கு எடை குறைக்கும் புதிய ஊசிகளைப் போடுவதிலும் இதே கவனம் தேவை. குறையும் எடையில் ஒரு பங்கு தசை.

பத்து நாள் படுக்கை

இத்தனையும் செய்து சேர்த்த பலம் ஒரு காய்ச்சலில் போய்விடலாம். 2007-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், சராசரி 67 வயதுள்ள ஆரோக்கியமான பதினொரு பேர் பத்து நாள் படுக்கையிலேயே இருந்தார்கள். நோய் எதுவும் இல்லை, சும்மா படுத்திருந்தார்கள். கால்களில் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போனது, முழங்கால் பலம் சுமார் 16 சதவீதம் குறைந்தது. படுக்கைகூட வேண்டாம். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த முதியவர்கள் இரண்டு வாரம் தினம் ஆயிரம் அடிகளுக்குள் நடையைக் குறைத்தபோது சர்க்கரைக் கட்டுப்பாடு மோசமானது. பழையபடி இரண்டு வாரம் நடந்த பிறகும் அது முழுதாகத் திரும்பவில்லை.

"அம்மா ரெஸ்ட் எடும்மா, ஒண்ணும் செய்யாத" என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரைக் கட்டிலோடு வைத்திருப்பது பாசம்தான், ஆனால் அவர் காலுக்கு அது தண்டனை. டிஸ்சார்ஜ் ஆகும்போதே எப்போது எழுந்து உட்காரலாம், எப்போது நடக்கலாம், பிசியோதெரபி வேண்டுமா என்று கேட்டுவிட வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருவது பலருக்குத் தெரியும். நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபி தருவதும் அதே திட்டத்தில் உண்டு என்பது அவ்வளவாகத் தெரியாது. மாத்திரை கொண்டுவரும் பணியாளரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்கலாம்.

அடுத்த செக்கப்புக்குப் போகும்போது டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் சிலதுதான். அப்பாவின் உடல்நிலைக்கு ஹெச்பிஏ1சி எவ்வளவு இருந்தால் போதும்? இந்த மாத்திரைகளில் எது லோ சுகர் கொண்டுவரும், அதைக் குறைக்கவோ மாற்றவோ முடியுமா? கடைசியாக பி12 எப்போது பார்த்தோம்? மருந்தைக் குறைத்தால், அடுத்த சில வாரங்களுக்கு வீட்டில் குளுக்கோமீட்டரில் வெவ்வேறு நேரங்களில் பார்த்து எழுதி வைக்கச் சொல்வார்கள். அந்த நோட்டின் அடுத்த பக்கத்தில் நாற்காலி விநாடிகளையும் எழுதிக்கொள்ளலாம்.